அம்மா போன்ல வெளிச்சத்தைக் குறைக்காதீங்க

பிள்ளைங்களா,

போன ஞாயித்துக்கிழமை சின்னவன் அம்மா போனை எடுத்துப் பார்த்தான். சார்ஜ் கம்மியா இருக்குன்னு வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வெச்சான். நல்ல எண்ணத்துலதான் செஞ்சான். அம்மா அதைப் பார்த்ததும் அவன் காதைப் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கி, வெளிச்சத்தை மறுபடியும் முழுசா ஏத்திக்கிட்டு உள்ளே போயிட்டாள். "பேட்டரி மிச்சம் பண்ணதுக்கு இன்னாத்துக்குப்பா காதைப் புடிக்கிறாங்க?"ன்னு அவன் என்னைக் கேட்டான். பெரியவளும் கேட்டாள், இப்போ கால் வந்தா போன் நடுங்குது, கேமரா லைட்டு கூட மின்னுது, அப்புறமும் அம்மாவுக்கு அந்த வெளிச்சத்து மேல ஏன் இவ்வளவு பிடிவாதம்னு.

நான் சிரிச்சு மழுப்பிட்டேன். வாயால சொன்னா பாதியிலே நிறுத்திடுவேன். அதனாலதான் நோட்டுல எழுதறேன். அந்தக் காது முறுக்கலை இந்த வீட்டுல முதல்ல வாங்கினவன் நான்.

பெரியவளே, அப்போ நீ ஆறு மாசக் கைக்குழந்தை. சின்னவன் இன்னும் வரலை. புதுவாயல்ல, கல்கத்தா ரோட்டுக்குப் பின்னாடி ஒரே ரூம் வீட்டுல வாடகைக்கு இருந்தோம். லாரி போனா ஜன்னல் கம்பி அதிரும். உங்கம்மா அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தே இது டேங்கர், இது டிப்பர்னு சொல்லுவாள். பாதி சரியா இருக்கும். மீதி பாதிக்கு என்னோட சண்டை போடுவாள்.

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில, எடை மெஷின் செய்யற ஒரு சின்ன கம்பெனியில. மளிகைக்கடை மேசையில, மீன் விக்கிறவங்க பக்கத்துல இருக்குமே, பச்சை வெளிச்சத்துல எண் காட்டற மெஷின், அதுதான். பத்தாவது முடிச்சு ஐ.டி.ஐ. போனவனுக்கு அது பெரிய வேலை. மெஷினை முழுசா மாட்டினதும் கடைசியா என் டேபிளுக்கு வரும். எண் தெரியற கண்ணாடிக்குப் பின்னால ஒரு லைட்டு இருக்கும். அது எவ்வளவு எரியணும்னு முடிவு பண்ண போர்டுல ஒரு குட்டித் திருகு. கூட்டி வெச்சா பார்க்க ஜோரா இருக்கும். ஆனா கரண்ட் இல்லாத நாள்ல உள்ளே இருக்கற பேட்டரி மத்தியானத்துக்குள்ள படுத்துடும். ரொம்பக் குறைச்சா பேட்டரி தாங்கும். ஆனா எண்ணே தெரியலைன்னு மெஷின் திரும்பி வந்துடும். எடை போட அந்த மெஷின் குடிக்கறது ஒரு மடக்குன்னா, லைட்டு குடிக்கறது ஒரு சொம்பு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் பார்த்துத் திருகை நிறுத்தணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பகல் வெளிச்சத்துல அதைப் பார்க்க முடியாது. அதுக்குன்னு ஒரு பிளைவுட் பெட்டி வெச்சிருந்தோம். உள்ளே முழுக்கக் கருப்பு பெயிண்ட், முன்பக்கம் கருப்புத் துணி. மெஷினை உள்ளே தள்ளிட்டு, துணிக்குள்ள தலையை விட்டுப் பார்க்கணும். இருட்டு இருந்தாதான் சின்ன வெளிச்சத்தோட அளவு தெரியும். வேலையில சேர்ந்த முதல் மாசம் இதையெல்லாம் வீட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட ஒண்ணு விடாம சொல்லுவேன். ஒரு போர்வையைத் தலையில போட்டு நடிச்சே காட்டுவேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கதை கேக்கறாள்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த வேலை என் தலைக்கு ஏறிடுச்சு. வீட்டுல யார் எந்த சுவிட்சைப் போட்டாலும் பின்னாடியே போய் அணைப்பேன். டார்ச்ல இருந்து ராத்திரி பேட்டரியைக் கழட்டி வெப்பேன். உங்கம்மா எனக்கு வெச்ச கைப்பேர், கையாலேயே கூப்பிடற பேரு, தெரியுமில்ல? கட்டை விரலால சுவிட்சை மேலே தள்ளி அணைக்கற மாதிரி ஒரு அசைவு. இன்னைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிடறாள். நீங்க அது ஏதோ கொஞ்சல்னு நினைச்சிருப்பீங்க. அது கிண்டல்.

உங்கம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. அப்பா அம்மா சீக்கிரம் போயிட்டாங்க. வளர்த்தது அவளோட அக்கா, உங்க பெரியம்மாதான். வாசல்ல யார் வந்தாங்க, பள்ளிக்கூடத்துல இன்னா சொன்னாங்க, கடைக்காரன் இன்னா கேட்டான், எல்லாத்தையும் கையால சொல்லி சொல்லி தங்கச்சியை வளர்த்தவங்க. மணவாள நகர்ல தையல் மெஷின் போட்டு இன்னைக்கும் தைக்கிறாங்க. நீ பொறந்து மூணு மாசம் அங்கேதான் இருந்தோம். அப்புறம் உங்கம்மாதான் என்னைப் பிடிச்சு உலுக்கினாள். நம்ம வீட்டுக்குப் போகணும், நானே சமைக்கணும், என் குழந்தையை நானே பார்க்கணும்னு.

பெரியம்மா ஒத்துக்கவே இல்லை. என்னை எதிர்ல உக்கார வெச்சுச் சொன்னாங்க.

"இன்னா மாப்ள, நீ ஷிப்டுக்குப் பூட்டா இவ தனியா கெடப்பா. கொழந்த அழுதா எப்டி தெரியும்? எவனாவது கதவத் தட்டுனா எப்டி தெரியும்?"

"தூளியில ஒரு நாடா கட்டி அவ கையில கட்டிக்குவா அண்ணி. பாப்பா அசைஞ்சா இழுக்கும்."

"நாடா குடுத்தவளே நான்தான், எனக்கே சொல்றியா? சரி, ஒண்ணு பண்ணு. ஒரு போன் வாங்கிக் குடு. தெனம் பதினோரு மணிக்கு நான் மிஸ்டு கால் குடுப்பேன். அஞ்சு நிமிசத்துல இவ திரும்பக் குடுக்கணும். ஒரு நாள் வரல, அவ்ளோதான். வண்டி எடுத்துக்கினு வந்து ரெண்டு பேரையும் இட்டுக்கினு பூடுவேன். நீ ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போ."

உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிஞ்சுக்கறவள் உங்கம்மா. அக்கா கையை எடுத்துத் தன் உள்ளங்கையால ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். சரின்னு அர்த்தம்.

கும்மிடிப்பூண்டி பஜார்ல ஒரு பழைய போன் வாங்கினேன். சின்னத் திரை, பச்சை வெளிச்சம். கால் வந்தா நடுங்கும். கடைக்காரர் கையில வெச்சுக் காட்டினார், நல்லாவே நடுங்குச்சு. நாங்க மூணு பேரும் ஒரு கணக்கு வெச்சுக்கிட்டோம். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் ஒரு மிஸ்டு கால். ஒன்பது மணிக்கு நாஷ்டா நேரத்துல ஒண்ணு. அவள் உடனே திரும்ப ஒண்ணு குடுப்பாள். யாரும் எடுக்கறது இல்லை, யாரும் பேசறது இல்லை. பதினோரு மணிக்கு பெரியம்மாவோடது. அதுக்கும் திரும்ப ஒண்ணு. மூணு மாசம் ஒரு நாள் தவறலை.

போனை உங்கம்மா ஒரு பிஸ்கட் டின்ல வெச்சிருந்தாள். டின்னைப் படுக்க வெச்சு, வாய் அடுப்பு பக்கம் பார்த்த மாதிரி பலகை மேல வெச்சு, போனை உள்ளே சாய்ச்சு நிக்க வெப்பாள். தண்ணி படாம, எலி இழுக்காம இருக்கத்தான்னு நினைச்சேன். போன் நடுங்கினா டின்னு அதிரும், டின்னு அதிர்ந்தா பலகை ஆடும், ஜன்னல் கம்பியில டேங்கரைக் கண்டுபிடிக்கறவளுக்கு அது தெரியாதான்னு பெரியம்மாகிட்ட பெருமையா விளக்கம் வேற குடுத்தேன். ஒரு தடவை கூட உங்கம்மாகிட்ட கேக்கலை.

அந்த வருஷம் தினமும் கரண்ட் கட்டு. அது போதாதுன்னு ஒரு நாள் மத்தியானம் எங்க தெரு டிரான்ஸ்பார்மர் வெடிச்சு, மறுநாள் வரைக்கும் வீதியே இருட்டு. விடிகாலை நான் ஷிப்டுக்குக் கிளம்பறேன், அவள் போன்ல ஒரே ஒரு கட்டம் சார்ஜ். என் போனை கம்பெனியில போட்டுக்கலாம். இவள் எங்கே போடுவாள்? ராத்திரியெல்லாம் நீ பல்லு முளைக்கற வலியில அழுதிருந்தே. ரெண்டு பேரும் அப்பத்தான் அசந்து தூங்கினீங்க. நாடா அவள் மணிக்கட்டுலயே இருந்துச்சு. எழுப்ப மனசு வரலை.

மெழுகுவத்தி வெளிச்சத்துல போனோட மெனுவைத் திறந்தேன். லைட்டுன்னு ஒரு இடம் இருந்துச்சு. ஆன், ஆட்டோ, ஆப்னு மூணு. லைட்டுதானே சொம்பு சொம்பா குடிக்கும்? நடுக்கம்தான் இருக்கே, இவளுக்கு லைட்டு எதுக்கு? ஆப்ல வெச்சேன். திரை இருண்டு போச்சு. எழுத்து மட்டும் மெழுகுவத்திக்குக் காட்டினா தெரிஞ்சுது. சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு ஒரு திருப்தியோட போனை டின்னுக்குள்ளயே வெச்சுட்டு வேனைப் பிடிக்கப் போனேன். டெஸ்ட் பண்ற வேலைக்காரன், நடுக்கம் இருக்கான்னு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலை.

கம்பெனி போய் மிஸ்டு கால் குடுத்தேன். திரும்ப வரலை. தூங்கறாள்னு நினைச்சேன். ஒன்பது மணிக்குக் குடுத்தேன். வரலை. இட்லியை அப்படியே மூடி வெச்சேன். சார்ஜ் போயிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா ரிங் போகுதே. சார்ஜ் போன போனுக்கு ரிங் எப்படிப் போகும்? திரும்பத் திரும்பக் குடுத்தேன்.

பதினொன்னே காலுக்கு பெரியம்மா கூப்பிட்டாங்க. எப்பவும் மிஸ்டு கால் குடுக்கறவங்க, அன்னைக்கு நிஜமாவே பேசினாங்க.

"மாப்ள, அவ குடுக்கல."

"கரண்ட் இல்ல அண்ணி, நேத்துலேர்ந்து. சார்ஜ் போயிருக்கும்."

"ரிங்கு போவுதே மாப்ள."

"இல்ல அண்ணி, அது..."

"நான் வண்டி சொல்லிட்டேன்."

வெச்சுட்டாங்க. நான் லீவு கேட்டேன். அன்னைக்கு லோடு ஏத்தற நாள், விடலை. ரெண்டு மணி வரைக்கும் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு நான் பாஸ் பண்ண மெஷினெல்லாம் எந்தக் கடையில எப்படி எரிஞ்சுதோ, தெரியாது. ஒரு பக்கம், அவங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆகியிருக்குமோன்னு பயம். இன்னொரு பக்கம், ஒண்ணும் ஆகலைன்னாலும் இன்னைக்கு சாயங்காலம் அந்த ரூம் காலியாயிடுமேங்கற பயம். நம்ம வீடுன்னு அவள் சொன்ன அந்த ஒத்தை ரூம்.

நான் போய்ச் சேர்ந்தப்போ வாசல்ல ஒரு குட்டி யானை வண்டி நின்னுச்சு. டிரைவர் பீடி பிடிச்சுக்கிட்டு இருந்தார். உள்ளே பெரியம்மா உன் ஜட்டி, சட்டையெல்லாம் கட்டைப் பையில அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. நீ அவங்க மடியில படுத்துக்கிட்டு நாடாவைச் சப்பிக்கிட்டு இருந்தே. உங்கம்மா அடுப்பு பக்கம் நின்னாள், ஒண்ணும் ஆகலை. நான் அப்படியே வாசப்படியில உக்கார்ந்தேன்.

உங்கம்மா என்னைப் பார்த்ததும் கையால கேட்டாள். அவள் கையால சொன்னதை வாயால சொன்ன மாதிரியே எழுதறேன்.

"காலையிலிருந்து நீ ஏன் கூப்பிடலை? அக்கா ஏன் துணி மடிக்கறா? எவ்வளவு கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறா."

பெரியம்மா உன்னைப் பாயில விட்டுட்டு எழுந்து டின்னுல இருந்து போனை எடுத்தாங்க. பட்டனை அமுக்கி, வாசல் வெளிச்சத்துல பிடிச்சாங்க.

"பாரு மாப்ள. சார்ஜ் பூட்ச்சுன்னியே. இதோ ஒரு கட்டம் நிக்கிது. ஒம்போது தபா அடிச்சிருக்குது."

சத்தியமா சொல்றேன், அப்போ என் மனசுல முதல்ல வந்தது, பார்த்தியா, சார்ஜ் தாங்கிடுச்சுங்கற சந்தோஷம்தான். ஒரு நொடிதான். அப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் அதையும் எழுதறேன்.

பெரியம்மா போனை உங்கம்மா முகத்துக்கு நேரா நீட்டினாங்க. ஒன்பதுங்கற எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறிப்போச்சு.

"நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்"ன்னாள். "இங்கேயே உக்கார்ந்து வெங்காயம் உரிச்சேன், இங்கேயே பால் குடுத்தேன். டின்னைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். போனைத் தொட்டா சார்ஜ் போகும்னு தொடலை. வெளிச்சம் வரலை."

"வெளிச்சம் வரலையாம்!" பெரியம்மா என் பக்கம் திரும்பினாங்க. "ஒம்போது தபா வந்துக்கீது, கண்ண தொறந்துக்கினே தூங்குனாளா? இதே கொழந்த வெந்நில கைய வெச்சிருந்தா? சொல்லு மாப்ள."

உங்கம்மா மறுபடியும் டின்னைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கிட்டாள். அவளுக்கே அவள் மேல சந்தேகம் வந்துடுச்சு. இது வரைக்கும் அவள் கண்ணு அவளை ஏமாத்தினதே இல்லை. மெதுவா வந்து உக்கார்ந்து, கொடியில இருந்து உருவின உன் சின்னத் துண்டை எடுத்து, நாலா மடிச்சு, அவளே அந்தப் பையில வெச்சாள்.

லைட்டை அணைச்சது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கலைன்னா யாருக்கும் தெரியாது. மாப்ளைங்கற மரியாதை அப்படியே இருக்கும். ஆனா அந்தத் துண்டை அவள் மடிச்சு வெச்ச விதத்தைப் பார்த்துட்டு என்னால உக்கார முடியலை.

"அண்ணி, லைட்ட அணைச்சது நான்தான். காலைல, சார்ஜ் நிக்கணும்னு. அவகிட்ட சொல்லல."

அவளுக்கும் கையால சொன்னேன். என்னோட கைப்பேரையே காட்டினேன், சுவிட்சை மேலே தள்ளற விரலை.

"அணைச்சா இன்னா?"ன்னாங்க பெரியம்மா. "அதான் நடுங்குமே. பலகயே ஆடும்னு நீதானே கத கதயா சொன்ன?"

உங்கம்மா நாக்கைக் கடிச்சுக்கிட்டாள். அப்புறம் போனை வாங்கி அக்காவோட உள்ளங்கையில வெச்சு மூடி, இப்போ கூப்பிடுன்னு என்கிட்ட சொன்னாள். கூப்பிட்டேன். ரிங் சத்தம் மட்டும் வந்துச்சு. பெரியம்மா கையை விரிச்சுப் பார்த்தாங்க, மூடினாங்க, மறுபடி விரிச்சாங்க.

"ஒண்ணுமே ஆடலயே."

"அது செத்து ரெண்டு மாசம் ஆச்சு"ன்னாள் உங்கம்மா.

"ஏன்டி சொல்லல?" பெரியம்மா வாயாலயும் கையாலயும் சேர்ந்து கத்தினாங்க.

"சொன்னா இவர் மறுபடியும் போனுக்கு அலைவார். நீ போன் கெட்டுப் போச்சு, கிளம்புன்னு பை எடுத்துக்கிட்டு வருவே. இதோ வந்திருக்கியே, இந்த மாதிரி."

பெரியம்மா உதட்டை அசைச்சுக்கிட்டு ஏதோ நினைச்சுப் பார்த்தாங்க. ரெண்டு மாசம், தினமும் பதினோரு மணி, ஒரு நாள் தவறாம அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்த பதில். அடுப்புல சோறு, தூளியில குழந்தை, கையில நாடா. சத்தமும் இல்லை, நடுக்கமும் இல்லை. சின்னத் திரையோட வெளிச்சம் மட்டும்.

நான் மெனுவுல லைட்டை ஆன்ல வெச்சு, போனை டின்னுக்குள்ள வெச்சுட்டு என் போன்ல இருந்து கூப்பிட்டேன். பட்டப்பகல் மூணு மணி. கதவு திறந்திருக்கு. டின்னுக்குள்ள பச்சையா எரிஞ்சுது. அடுப்புகிட்ட இருந்து பார்த்தாலும் தெரிஞ்சுது, தூளிகிட்ட இருந்து பார்த்தாலும் தெரிஞ்சுது. பளபளன்னு இருக்கற டின்னுக்குள்ள இப்படித் தெரியாதேன்னு குனிஞ்சு விரலை விட்டுத் தடவினேன். விரல் கருப்பாச்சு. மண்ணெண்ணெய் ஸ்டவ்வோட கரியை எடுத்து உள்ளே முழுக்கப் பூசி வெச்சிருந்தாள்.

"இது யார் சொல்லிக் குடுத்தாங்க?"ன்னு கேட்டேன்.

அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்க்கற மாதிரி பார்த்தாள். கொடியில இருந்து போர்வையை உருவித் தன் தலையில போட்டுக்கிட்டு, குனிஞ்சு எட்டிப் பார்க்கற மாதிரி நடிச்சாள். நான் முதல் மாசம் நடிச்சுக் காட்டின அதே நடிப்பு.

அப்புறம் போர்வையை வீசிட்டு வந்து, அக்கா எதிர்லயே என் காதைப் பிடிச்சு முறுக்கினாள். முறுக்கின கையாலேயே டின்னைக் காட்டினாள். மறுபடி காதை முறுக்கினாள், மறுபடி டின்னைக் காட்டினாள். மூணாவது தடவை கண்ணுல தண்ணியோட சிரிச்சுக்கிட்டே முறுக்கினாள். எனக்கு அதுக்கு மேல எந்த விளக்கமும் தேவைப்படலை. சின்னவனே, உனக்கும் இப்போ புரிஞ்சிருக்கும்.

"நல்லா முறுக்கு"ன்னாங்க பெரியம்மா. "பெரிய கரண்டு மிச்சம் புடிக்கிற கலெக்டரு! காலைலேர்ந்து என் உசுர வாங்கிட்டியே மாப்ள, இன்னா பேஜாரு புடிச்ச ஆளுயா நீ!"

வாசல்ல இருந்து டிரைவர் குரல் குடுத்தார். "யக்கா, சாமான் ஏத்தலாமா?"

பெரியம்மா கட்டைப் பையைப் பார்த்தாங்க. மேல இருந்த துண்டை எடுத்து உதறி, உன் எச்சில் வாயைத் துடைச்சாங்க.

"சாமானும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ வண்டிய எடுத்துக்கினு கெளம்பு நைனா. நான் பஸ்ல வந்துக்கறேன்."

பைக்குள்ள இருந்ததை ஒவ்வொண்ணா எடுத்து கொடியில போட்டாங்க. உங்கம்மா சோறு போட்டாள். சாப்பிடும்போது பெரியம்மா டின்னை ரெண்டு மூணு தடவை எட்டிப் பார்த்தாங்க. கிளம்பும்போது வாசப்படியில நின்னு தங்கச்சி கன்னத்தைத் தொட்டு, ரொம்ப நேரம் கையால ஏதோ சொன்னாங்க. அது அவங்க ரெண்டு பேரோட சின்ன வயசுக் கைப்பேச்சு, எனக்குப் பாதி கூட புரியலை. கடைசியா என்கிட்ட திரும்பி, "நாளைலேர்ந்து நான் குடுக்க மாட்டேன். அவ குடுக்கட்டும், நான் திரும்பக் குடுக்கறேன்"ன்னாங்க.

அதுல ஒரு வேடிக்கை. தையல் மெஷின் ஓடற சத்தத்துல பெரியம்மாவுக்கு ரிங் கேக்கறதே இல்லை. முதல் வாரமே மூணு நாள் பதில் குடுக்கலை. உங்கம்மா ஒரு பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு, கிளம்பு, அக்காவை இட்டுக்கிட்டு வந்துடலாம்னு என்கிட்ட நடிச்சுக் காட்டினாள். அடுத்த தடவை மணவாள நகர் போனப்போ பார்த்தேன், தையல் மெஷினுக்குப் பக்கத்துல ஒரு பிஸ்கட் டின்னு படுத்திருந்துச்சு. உள்ளே கரி. நான் பார்த்ததைப் பார்த்துட்டு பெரியம்மா, "எலி இழுக்காம இருக்க மாப்ள"ன்னாங்க.

உங்கம்மா போன்ல இருக்கற வெளிச்சத்தை அதுக்கப்புறம் நான் தொட்டதில்லை. எத்தனையோ போன் மாறியாச்சு. சார்ஜ் குறைஞ்சா கொண்டு போய் மாட்டுங்க. கரண்ட் இல்லைன்னா உங்க போனை அணைச்சு வெச்சுட்டு, சார்ஜ் ஏத்தற பேட்டரி டப்பாவை அம்மாவுக்குக் குடுங்க. அவளோட வெளிச்சத்துல மட்டும் கை வெக்காதீங்க. எப்பவாவது கை வெக்கணும்னா, முதல்ல அவளைக் கேளுங்க.

இன்னும் ஒண்ணு இருக்கு. இதை உங்கம்மாகிட்ட கூட நான் சொன்னதில்லை.

மறுநாள் காலையில கிளம்பும்போது, இன்னைக்கு ஒன்பது மணிக்கு நீ முதல்ல குடுன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போனேன். நாஷ்டா மணி அடிச்சதும் எல்லாரும் கேண்டீனுக்குப் போயிட்டாங்க. நான் டெஸ்ட் ரூம்லயே இருந்தேன். என் போன்ல சத்தத்தை நிறுத்தினேன். நடுக்கத்தையும் நிறுத்தினேன். லைட்டை மட்டும் விட்டேன். எடை மெஷினை வெளியே எடுத்துட்டு, அந்தக் கருப்புப் பெட்டிக்குள்ள போனைச் சாய்ச்சு வெச்சு, துணியைத் தூக்கிவிட்டுட்டு, எதிர்ல ஸ்டூல் போட்டு உக்கார்ந்தேன். மடியில டிபன் பாக்ஸ். பார்த்துக்கிட்டே சாப்பிடலாம்னு நினைச்சேன்.

சட்னி டப்பா மூடி இறுகிப்போய் இருந்துச்சு. குனிஞ்சு திருகித் திறந்தேன், அவ்வளவுதான். நிமிர்ந்தா பெட்டி இருட்டாவே இருந்துச்சு. கொஞ்ச நேரம் பார்த்தேன். சந்தேகம் வந்து பட்டனை அமுக்கினா, ஒரு மிஸ்டு கால். அவளோடது. ஒரு மூடி திறக்கற நேரத்துல வந்துட்டுப் போயிருக்கு.

அவளுக்குத் திரும்ப ஒண்ணு குடுத்தேன். அப்புறம், இன்னொரு தடவை குடுன்னு ஒரு மெசேஜ் அனுப்பினேன். டிபன் பாக்ஸை மூடி கீழே வெச்சேன். துணியை இழுத்துத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு, கை ரெண்டையும் முழங்கால் மேல வெச்சுக்கிட்டு, அந்த இருட்டைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருந்தேன், அது எரியற வரைக்கும்.